தோட்டம் போடச் சொல்கிறார் டாக்டர், எங்கே போடுவது?

(படப்பையில் எங்கள் வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



நைட் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். கண் சொருகினால் சொருகட்டும், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் பேசப்போவதே தூக்கம் கெட்டவர்களைப் பற்றித்தான்.

என்னிடம் ஒரு மருந்துச் சீட்டு இருக்கிறது. 2022-இல் எழுதியது. மடித்து மடித்து நான்கு துண்டாகப் பிரியப் பார்க்கிறது. முதல் இரண்டு வரி மாத்திரை. மூன்றாவது வரியில், தினமும் அரை மணி நேரம் மரம் செடி இருக்கும் இடத்தில் நடக்கவும், முடிந்தால் தோட்ட வேலை செய்யவும் என்று எழுதியிருக்கிறது.

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. டிப்ளமோ முடித்துவிட்டு லைனில் நின்றேன். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். முதலில் தூக்கம் போனது, பிறகு பசி, பிறகு பேச்சு. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காரணமே தெரியாமல் அழுவேன். கூட இருந்த பெண்கள் காதல் தோல்வி என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் "இது அது இல்லடி, டாக்டரப் பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இன்று நான் சமூகப்பணி படித்துவிட்டு மனநலம் சார்ந்த வேலையில் இருப்பதற்கு அவள்தான் காரணம்.

டாக்டர் நல்லவர். கால் மணி நேரம் பேசவிட்டார், குறுக்கே கேட்கவில்லை. மனச்சோர்வு ஒரு நோய், சோம்பேறித்தனம் இல்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த மூன்றாவது வரியையும் நல்ல மனதோடுதான் எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். நான் இருந்தது பத்துக்குப் பத்து அறை. ஐந்து பெண்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மொட்டை மாடியில் நாலு தொட்டி வைக்கட்டுமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். தண்ணீர் இறங்கி தளம் கெட்டுவிடும் என்றார். அறை கேட்டு வந்த அன்றே "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு" என்று சுற்றி வளைத்துக் கேட்டவர் அவர். எதற்காகக் கேட்டார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சீட்டை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தது. "இன்னாடி சொல்றாரு உன் டாக்டரு? நாப்பது வருசமா அடுத்தவன் கழனியில களை பறிச்சேன், நாத்து நட்டேன். மண்ணுல மருந்து இருந்தா எனக்கில்ல மொதல்ல தெரிஞ்சிருக்கும்?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. படிக்கப் போன பிறகும் இது என் கூடவே வந்தது. இன்று பேசுவது அம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதில்தான்.

இந்த வைத்தியம் புதிதல்ல. அமெரிக்க மனநல மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற பெஞ்சமின் ரஷ், பிலடெல்பியா நகரத்து டாக்டர். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1812-இல் மன நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தோட்ட வைத்தியம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். மருத்துவமனையில் தோட்டம் கொத்துகிற நோயாளிகள் குணமாகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். நான் தேடிப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது அவ்வளவு மட்டும் இல்லை. விறகு வெட்டுகிற, அடுப்பு மூட்டுகிற, தோட்டம் கொத்துகிற ஆண்களும், துணி வெளுக்கிற, இஸ்திரி போடுகிற, தரை தேய்க்கிற பெண்களும் பல நேரம் குணமாகிறார்கள். அந்தஸ்து காரணமாக இந்த வேலைகளிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே வாடிப்போகிறார்கள் என்பதுதான் அவர் எழுதியது. தோட்டத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். தரை தேய்ப்பதை இன்று எந்த டாக்டரும் சீட்டில் எழுதுவதில்லை. எழுதினால் நோயாளி எழுந்து போய்விடுவார். தரை தேய்ப்பது யாருடைய வேலை என்று இந்த நாட்டில் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. சென்னையின் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. வெள்ளைக்காரன் காலத்துக் காப்பகங்களில் இந்திய நோயாளிகள் தோட்டத்திலும் சமையலிலும் வேலை செய்தார்கள், ஐரோப்பிய நோயாளிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலை வைத்தியம் என்று பெயர், காப்பகத்துக்குச் செலவும் மிச்சம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மனநல நிறுவனத்தில் இருப்பவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் உரிய கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் எழுதி வைக்கிற அளவுக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

அடுத்து, மண்ணில் மருந்து இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. இருக்கிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அதை மறைத்துவிட்டு உங்களிடம் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. ஜப்பானில் 1982-லேயே வனத்துறை 'வனக் குளியல்' என்று ஒன்றைப் பரப்பியது. காட்டுக்குள் மெல்ல நடப்பது, வேறொன்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் 2018 முதல் டாக்டர்கள் கடற்கரை நடையையும் பறவை பார்ப்பதையும் சீட்டில் எழுதுகிறார்கள். இங்கிலாந்து அரசு 2021-இல் ஏழு பகுதிகளில் பணம் ஒதுக்கிச் சோதித்துப் பார்த்தது. (வனக் குளியல் என்று முதன்முதல் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலனியில் கழிப்பறை வரும்வரை விடியற்காலை நாலரை மணிக்கு, இருட்டோடு இருட்டாக, பாம்புக்கும் ஆளுக்கும் பயந்துகொண்டு ஏரிக்கரைப் புதருக்குப் போனோம். இயற்கையோடு அவ்வளவு நெருங்கி இருந்தவர்கள் யாரும் இல்லை.)

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஓர் ஆய்வு. ரஷ் இருந்த அதே பிலடெல்பியாவில் நடந்தது, 2018-இல் வெளியானது. அந்த நகரத்தில் பாழாகக் கிடந்த காலி மனைகள் 541-ஐ எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, மண் போட்டுச் சமப்படுத்தி, புல் விதைத்து, சில மரக்கன்று நட்டு, உள்ளே நுழைய வழி விட்டு இடுப்பளவு மரவேலி போட்டார்கள். மாதாமாதம் ஆள் அனுப்பிப் பராமரித்தார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதைத் தொடவில்லை. அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களிடம் முன்னும் பின்னும் மனநிலை பற்றிக் கேட்டார்கள். பசுமையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம், மனச்சோர்வாக உணர்கிறேன் என்று சொல்வது, தொடாத மனைகளோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்தது. ஏழைகள் வாழும் பகுதிகளில் அதைவிட அதிகமாகக் குறைந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை.

இங்கே யாரும் நோயாளியிடம் போய் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. அவர்கள் கொத்தவில்லை, களை பறிக்கவில்லை. வேலையை நகரம் செய்தது, கூலி கொடுத்துச் செய்தது. அவர்கள் அந்த வழியாக நடந்து போனார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், வேலி வாசலில் நுழைந்து உட்கார்ந்தார்கள். சீட்டு எழுதப்பட்டது தெருவுக்கு.

இதைப் படித்த அன்று எங்கள் சித்தி ஞாபகத்துக்கு வந்தது. சித்தி இந்தப் பகுதியில் ஒரு கம்பெனிக்குள் கார்டனிங் வேலைக்குப் போகிறது. கான்ட்ராக்ட். கம்பெனி என்றால் பசுமை வளையம் வைக்கவேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதியிலேயே நிபந்தனை போடுகிறார்கள். அதனால் கேட்டைத் தாண்டினால் புல்வெளி, செம்பருத்தி வேலி, வரிசையாகப் புங்கன். சித்திதான் புல் வெட்டுகிறது, தண்ணீர் பாய்ச்சுகிறது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் செடிகளோடு இருக்கிறது. எந்த டாக்டர் எழுதும் அளவையும் தாண்டியது அது! ஆனால் மதியம் சோறு சாப்பிட அந்தப் புங்கன் நிழலில் உட்காரக் கூடாது. ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குப் பின்பக்கம் ஸ்டோர் ரூம் ஓரம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சித்திக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று மாத்திரை போடுகிறது. புல்லின் பச்சை சித்தியின் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதன் மேல் உட்கார அனுமதி இல்லாதவரிடம் அது என்ன வேலை செய்யும்?

அசிஷ் குப்தா, டயான் காஃபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவில் தலித்துகளும் முஸ்லிம்களும் உயர்த்தப்பட்ட சாதி இந்துக்களைவிட மோசமான மனநிலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று அதில் காட்டினார்கள். சொத்து, படிப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துச் சமன் செய்து பார்த்தாலும் வித்தியாசம் மறையவில்லை. சம்பளம் உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னோடு வாதம் செய்கிற தோழர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். சங்க இலக்கியத்தில் படப்பை என்றால் தோட்டம், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லை. அகராதியில் பார்த்துவிட்டு எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஊருக்கு அதிலிருந்துதான் பெயர் வந்ததா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் கொல்லை என்பது யாருக்கு இருந்தது என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் என்று நாம் பேசுகிறோமே, அதன் தொடக்கம் அதுதான். அந்த அறிக்கையில் என்னை உலுக்கியது கழனி பற்றிய பகுதிகூட இல்லை. குடியிருக்கிற குடிசை மனை பற்றிய பகுதி. சேரி மனையே மிராசுதாருடையது என்று உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசினால், வேறு இடத்தில் வேலைக்குப் போனால், குடிசையை விட்டு வெளியேற்றுவோம் என்று மிரட்டினார்கள். சும்மா கிடக்கிற தரிசுக்கு மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. வாசலில் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்ற வேண்டும் என்றாலும், அடுத்த வருடம் அதே வாசலில் நாம் இருப்போமா என்று தெரிந்தால்தானே ஊன்றுவோம்? 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணையின் தொடர்ச்சியாக மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 10 ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். திரும்பக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் தெரியும். காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

அதனால்தான் இயற்கைக்குத் திரும்புங்கள், கிராமத்துக்குத் திரும்புங்கள் என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு பேசும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசியதை எடுத்துப் படியுங்கள். ஏரி, மரம், மண்பாதை எல்லாம் அழகுதான். அம்மா சின்ன வயதில் ஏரிக்கரைக்கு ஊர்த்தெரு வழியாகப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனது.

இவ்வளவு பேசிவிட்டு என் கதையின் மீதியைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. வேலையை விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். எங்களுக்குத் தொகுப்பு வீடு. பின்னால் இரண்டு சென்ட் இருக்கும், பட்டாவோடு. அம்மா பெயரில். அதில் அம்மா ஓர் அவரைப் பந்தல் போட்டிருந்தது, ஒரு முருங்கை, சுண்டை, தண்ணீர் போகும் வழியில் வாழை. முதல் பத்து நாள் நான் கட்டிலை விட்டு எழவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பதினோராவது நாள் அரைக்கீரை விதையை என் கையில் கொட்டி, "மணலோட கலந்து தூவு, கும்பலா உழும்" என்றது. தூவினேன். நாலாம் நாள் முளைத்தது. ஒரு மாதத்துக்குள் பறித்துக் கடைந்து சாப்பிட்டோம்.

என்னைக் குணப்படுத்தியது எது? மாத்திரையை விடாமல் போட்டேன். இரவில் தூங்கினேன், ஷிப்ட் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்தது. கீரைப் பாத்தியும் இருந்தது. இதில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒன்று மட்டும் கவனித்தேன். எப்போது தண்ணீர் விடுவது, எப்போது பறிப்பது என்று அங்கே என்னை யாரும் மணி பார்த்து ஏவவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவன் கழனி வேற, இது வேறடி" என்றது. நாற்பது வருடம் மண்ணில் கிடந்த ஆள், விடிந்ததும் முதலில் போய் நிற்பது அந்தப் பந்தலடியில்தான்.

இங்கே இருக்கிற யாருக்காவது நான் சொன்னது போல இருந்தால், செடி வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசலாம். போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையைத் தோட்டத்தை நம்பி நிறுத்தாதீர்கள்.

ஆனால் மூன்றாவது வரியை நாம் வேறு விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். அரை மணி நேரம் நடக்க வேண்டுமென்றால் முதலில் அரை மணி நேரம் வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் போராட்டத்தை நான் மனநல இயக்கம் என்றே எண்ணுகிறேன். வாராவாரம் ஷிப்ட் மாற்றுவதை எதிர்க்கிற சங்கமும் அப்படித்தான். மாணவத் தோழர்கள் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது சம்பளத்துக்குப் பக்கத்தில் தூக்கத்தையும் எழுதுங்கள்.

அடுத்தது இடம். எங்கள் காலனிக்கும் ஏரிக் கால்வாய்க்கும் நடுவில் 40 சென்ட் போலப் புறம்போக்கு இருக்கிறது. தெர்மாகோலும் கேன்டீன் கழிவும் ராத்திரியில் வண்டியில் வந்து விழுகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அதற்கு ஒரு தீர்மானம் கொண்டு போகிறோம். குப்பையை அள்ள வேண்டும், மண் அடிக்க வேண்டும், வேம்பும் புங்கனும் நட வேண்டும், ஒரு குழாய், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, இடுப்பளவு வேலி. பராமரிக்கிறவர்களுக்குக் கூலி. மரத்தடியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறோம். அதை எதற்குத் தனியாக எழுத வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். சித்தி பக்கத்தில்தான் இருந்தது. "எழுதட்டும்ணே" என்றது.

கூட்டம் முடிந்ததும் இரண்டு விஷயம். அம்மா கொடுத்தனுப்பிய பையில் அவரை விதை இல்லை, அதற்கு ஆடி தாண்டிவிட்டது. கீரை விதைதான் இருக்கிறது, இடம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தப் புறம்போக்கின் ஒரு மூலை உண்மையில் பஞ்சமி நிலமாக இருக்கலாம் என்று காலனிப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அ-பதிவேடும் புல வரைபடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். சர்வே எண்ணை வைத்து எல்லை பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்னை வந்து பாருங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் அளந்துவிடலாம்.